நோயாளியை யாரும் ஏசுவதில்லை

என் வலது தோள் இப்போது நன்றாக இருக்கிறது. மகளை அந்தக் கையாலேயே தூக்கித் தலைக்கு மேலே பிடிக்கிறேன். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிற பெட்டியை இறக்குகிறேன். மழை நாளில் சற்றுக் கடுக்கும், அவ்வளவுதான். யாராவது "தோள் எப்பிடி இரிக்கி?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், சொகம்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன். குணமான தோளைப் பற்றிக் கதைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் கீப்பர். வீடு நுரைச்சோலைக்குக் கிட்ட. புத்தளத்துக் கால்பந்து அணி ஒன்றுக்கு மாதச் சம்பளத்தில் விளையாடுகிறேன். சம்பளம் என்றதும் தொலைக்காட்சியில் வருகிற ஆட்டக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுச் சாமானுக்கும் பிள்ளையின் பால்மாவுக்கும் சரியாகப் போகும். மிச்சத்துக்கு, பருவம் முடிந்ததும் ஆளுக்கொரு தொழில் இருக்கிறது. என்றாலும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அணியிலுள்ள அத்தனை வீடுகளும் ஓடுகின்றன. முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கிவிட்டால் பணம் போடுகிறவர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கீப்பர் என்றால் பந்தைப் பிடிக்கிறவன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பிடிப்பது பாதி வேலை. மற்றப் பாதி ஏசுவது. முழு மைதானமும் கீப்பரின் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக்குகளுக்கோ தங்கள் முதுகுப் பக்கம் எவன் ஓடுகிறான் என்று தெரியாது. நான்தான் கத்த வேண்டும். அதுவும் காற்றுக் காலத்தில் எங்கள் மைதானத்தில் மெதுவாகச் சொன்ன சொல் பாதி வழிகூடப் போகாது. ஆகவே வாய்க்கு வந்தபடி ஏசுவேன். வீட்டில் அதில் ஒரு சொல்லைச் சொன்னால் உம்மா அகப்பையோடு வந்துவிடுவார்.

என்னிடம் அதிகம் ஏச்சு வாங்கியவன் இடது ஓரத்தைக் காக்கிற எங்கள் லெப்ட் பேக். பந்தோடு முன்னுக்குப் போனால் திரும்பி வர மறந்துவிடுவான். அவனுடைய காலையும் கண்ணையும் கலியாணம் பேசி முடித்த தரகரையும் சேர்த்து ஏசுவேன். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். ஓடிக்கொண்டே வலது கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகில் வைத்து, விரல்களை இறுக்கி மடக்கி எனக்கு ஒரு குத்துக் காட்டுவான். கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் அதைப் பார்க்கவே காத்திருந்து சிரிப்பார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். உறவு ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிவிட்டது. அவன் வீடு களப்புக் கரையில். பருவம் முடிந்தால் தோணியில் நண்டு வலைக்குப் போவான். அந்தக் கைப்பலம் விளையாட்டிலும் தெரியும். பந்து ஓரக்கோட்டைத் தாண்டிப் போனால், தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து அவன் எறிகிற த்ரோ நேரே எதிரணியின் கோல் வாய்க்குப் போய் விழும். எங்கள் கோல்களில் பாதி அப்படி வந்தவைதான்.

என் தோள் முதலில் விலகியது ஒரு கோர்னர் உதையில். பந்தைக் குத்தப் பாய்ந்து, நீட்டிய கையின் மேலேயே விழுந்தேன். வண்ணாத்திவில்லுப் பக்கம் எலும்பு முறிவு பார்க்கிற ஒருவரிடம் போய் எண்ணெய் பூசிக் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் சொன்ன நாள் வரைக்கும் பொறுக்காமல் கட்டை அவிழ்த்துப்போட்டுவிட்டுக் கோலில் நின்றேன். அணிக்காக வலியைப் பொறுக்கிறவன் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு தோளுக்கு வெளியே போகிற வழி தெரிந்துவிட்டது. சட்டை மாட்டும்போது விலகியது. ஒருமுறை நித்திரையில் புரண்டபோதும் விலகியது.

ஒவ்வொரு மெச்சுக்கும் முன்னால், உடை மாற்றும் அறையில் என் தோளைச் சுற்றிப் பட்டி கட்டிவிடுகிறவன் அந்த லெப்ட் பேக்தான். வலைக்கு முடிச்சுப் போடுகிறவன் என்பதால் அவன் கட்டினால் அசையாது. கோச்சுக்குக்கூடத் தெரியாத அளவுக்கு அந்தத் தோளைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"மச்சான், இது கட்டிக் கட்டி ஓட்டுற தோள் இல்ல. டொக்டரக் காட்டு" என்றான் ஒருநாள்.

"மெச் முடியட்டும்."

"எந்த மெச்? இது முடிய இன்னொண்டு வரும். நீ போ. அணி எங்கயும் ஓடிப் போகாது."

போனேன். சிலாபத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் குணமாகும். அதற்கு முன்னால் இன்னொருமுறை மோசமாக விலகினால் நரம்பு போகலாம், பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. "கட்டாயம் போகுமா?" என்று கேட்டேன். "போகலாம்" என்றார். "போகாமலும் இருக்கலாமா?" என்று கேட்டேன். படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' இன்றுவரை என்னை விடவில்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமைதான் பருவத்தின் கடைசி மெச். தோற்றால் கீழே இறங்குவோம். சமன் செய்தால் தப்புவோம். எங்களிடம் இருந்த மற்றக் கீப்பர் வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டிருந்தான். புதிதாக ஒருவனைப் பதிவு செய்கிற காலமும் கடந்துவிட்டது. நான் நிற்காவிட்டால் கோலில் நிற்க ஆள் இல்லை.

மனைவியிடம் கேட்டேன். "கை ஒங்கட. முடிவும் ஒங்கடதான்" என்றாள். பிறகு, பிள்ளையின் சட்டையை மடித்துக்கொண்டே, "புள்ளதான் ஒவ்வொரு நாளும் தூக்கச் செல்லிக் கேக்குறா. அவக்கு லீக் தெரியாது" என்றாள்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் போய்ச் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்து, பாலாவி உப்பளத்தைத் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் பதில்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கோச் சிலாபப் பக்கத்துச் சிங்கள மனிதர். நான் சொன்னதைக் கேட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "கைய பாத்துக்கோ" என்றார். கெப்டன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிந்த பிறகும் நிமிரவில்லை. யாராவது ஒருவன் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நான் நிக்கிறன்" என்றான் லெப்ட் பேக். "சின்ன வயசில கடக்கரையில நிண்டிரிக்கன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஆள் இல்லாததால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். என் கிளவுஸைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு அது கொஞ்சம் பெரிது. மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக்கொண்டு, "இதுக்குள்ள ஒண்ட மணம் அடிக்குது மச்சான்" என்றான்.

இதில் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோள் வலிக்கவில்லை. முதல் நாளும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு யோசிக்கமாட்டேன். பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரேயொரு மெச் நின்றிருக்கலாமோ என்று, பல் துலக்கும்போதும் மகளைத் தூக்கும்போதும் நினைப்பு வருகிறது. நின்றிருந்தால் கை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகவில்லை. டொக்டர் சொன்னபடி கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கதிரையில் இருந்து, யாரோ தொலைபேசியில் நேரடியாகப் போட்ட படத்தைப் பார்த்தேன். ஆட்கள் எறும்பு அளவில் தெரிந்தார்கள். படத்துக்குக் கீழே ஊரார் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'கீப்பர் எங்கே?' என்று ஒருவர் கேட்டார். 'வீட்டில் பிள்ளை பார்க்கிறார்' என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதற்குச் சிரிப்புப் படங்கள் குவிந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

ஆளுக்கு ஒரு கோல் விழுந்திருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். நான் எழும்பிவிட்டேன். "வெளிய வா! வெளிய வா!" என்று நடு வீட்டில் நின்று கத்தினேன். லெப்ட் பேக் கோலை விட்டு வெளியே வந்தான். எதிரணிக்காரனின் காலடியிலேயே பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டான். ஓடி வந்த கால் அவன் மேலே இறங்கியது. எழும்பி, வலது கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். மருந்துப் பையோடு ஓடி வந்தவரை இடது கையால் போகச் சொன்னான். கிளவுஸைக் கழற்றவில்லை.

முடிவுவரைக்கும் அவனே நின்றான். சமனாகவே முடிந்தது. தப்பிவிட்டோம். எல்லோரும் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தபோது அவன் வலது கையை மட்டும் கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான். சந்தோஷத்தில் தூக்கியிருக்கிறான் என்று நினைத்து, நானும் தனியாக இருந்து கை தட்டப் பார்த்தேன். ஒரு கையால் எப்படித் தட்டுவது? தொடையில் தட்டினேன்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் வான் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். கெப்டன் இறங்கினான், பின்னால் நாலைந்து பேர். நான் இல்லாமலேயே தப்பிவிட்டோம் என்று சொல்லிக்காட்ட வருகிறார்கள் என்று நினைத்தேன். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் முகத்தில் இருக்கும், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். மனைவியைக் கூப்பிட்டு, "மாத்திர குடிச்சிட்டுத் தூங்குறார் எண்டு செல்லு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் போய் விசாரிப்பது கடமை. கோபதாபம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. நானும் எத்தனையோ வீடுகளுக்கு அப்பிள் பையோடு போயிருக்கிறேன். அவர்கள் வந்ததும் அதற்குத்தான். என் குற்ற மனது அதை வேறு மாதிரி வாசித்துவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் கதிரைகள் இழுபட்டன. "எழுப்ப வேணாம் மதினி, தூங்கட்டும்" என்றான் கெப்டன். தேத்தண்ணீர்க் கோப்பைகளின் சத்தம் கேட்டது. பிறகு லெப்ட் பேக்கின் குரல்:

"கட்டோடதானே படுத்திரிக்கான்? கள்ளன், அவுத்துப் போட்டிருவான். விட்டுராதீங்க மதினி."

மெச்சைப் பற்றி ஒருவனும் ஒரு வார்த்தை பேசவில்லை. போவதற்கு முன்னால் கெப்டன் என் தோளுக்காகச் சத்தமாகத் துஆ ஓதினான். ஒவ்வொரு வசனத்துக்கும் மற்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவனைப் போல மூச்சு விட்டேன். அந்த ஆமீன்களில் லெப்ட் பேக்கின் ஆமீன் எது என்று எனக்குத் தனியாகத் தெரிந்தது.

அவர்கள் வெளியே போனதும் மனைவி உள்ளே வந்து ஒரு பையைக் கட்டிலில் வைத்தாள். அப்பிள், பால்மாப் பேணி ஒன்று, பிஸ்கட், அதற்கு மேலே என் கிளவுஸ். கழுவிக் காயவைத்திருந்தார்கள். வலது கிளவுஸ் மணிக்கட்டிலிருந்து விரல்வரை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது.

"வீங்கிப் போய்க் கழட்ட ஏலாம வெட்டினதாம். வேற ஒண்டு வாங்கித் தாறனாம், கோவிக்க வேணாமாம்" என்றாள். "கையில ரெண்டு எலும்பு முறிஞ்சிரிக்கி. பிளாஸ்டரோட வந்து ஒங்கட தோள விசாரிச்சிட்டுப் போறார். அந்தக் கையத் தூக்கித்தான் துஆ கேட்டார்."

எங்கள் ஒழுங்கையில் வான் திருப்ப இடம் போதாது. முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்ப வேண்டும், நேரம் பிடிக்கும். அந்தச் சத்தம் முழுவதையும் கட்டிலில் இருந்து கேட்டேன். எழும்பி ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் ஓடவில்லை. தூங்குகிறவன் எப்படி ஓடி வருவான் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது என் முறை. நான் போய் அவனை விசாரிக்க வேண்டும். ஆபரேஷன் வரட்டும் என்றேன். ஆபரேஷன் முடிந்ததும் தையல் ஆறட்டும் என்றேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்தது. கோலில் நிற்காமல், வீட்டில் இருந்து கையை மெல்ல மெல்ல உயர்த்திப் பழகிக்கொண்டே அதை வாங்கினேன். அவன் அந்த மெச்சைக் காப்பாற்றியதால் வருகிற சம்பளம். கடைசியில் மனைவிதான், "நீங்க போகாட்டி நான் போறன். எனக்கு அவர்ட வீட்டாக்கள்ர முகத்தப் பாக்க ஏலாம இரிக்கி" என்று சொல்லி அப்பிள் வாங்கி வைத்தாள்.

போனேன். அவன் வாசலில் இருந்துகொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பிளாஸ்டரை எடுத்துவிட்டார்கள். சின்ன விரலும் அதற்கு அடுத்த விரலும் நேராகவே நின்றன. நூலை மற்ற விரல்களால் இழுத்து, பல்லால் கடித்து இறுக்கினான். என்னைக் கண்டதும் வலையைத் தள்ளிவிட்டு எழும்பி, முதலில் என் தோளைத்தான் பிடித்துப் பார்த்தான்.

"லெப்ட் பேக்குக்குக் கை எதுக்கு மச்சான்? காலிரிக்கிதானே" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"ஒனக்கு என்னில கோவம் வரல்லயா?" என்று கேட்டேன்.

"வந்திச்சி. வலிக்கக்கொள்ள நல்லா வந்திச்சி. கோலுக்குள்ள நிண்டு ஒன்னயும் ஒண்ட தோளயும் ஏசினன், யாருக்கும் கேக்கல்ல. அண்டைக்கு ராவும் ஏசினன்."

"அப்ப அடுத்த நாள் வீட்ட வந்து ஏசியிரிக்கலாமே."

"நோயாளிய யாரும் ஏசுவாங்களா?" என்றான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவனைப் போலத்தான் கேட்டான். பிறகு உள்ளே திரும்பித் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னான்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் பிள்ளைகளுக்கு அப்பிளைப் பங்கு வைக்கத் தொடங்கிவிட்டான். சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பருவம் மறுபடி தொடங்கி, டொக்டர் சம்மதித்த பிறகு நான் கோலுக்குத் திரும்பினேன். அவனும் பழைய இடத்திலேயே எனக்கு முன்னால் நின்றான். முதல் மெச்சிலேயே த்ரோ எறியப் போனான். தலைக்குப் பின்னால் கொண்டுபோன பந்து வலது கையிலிருந்து வழுகி ஒரு பக்கமாகப் போனது. ரெபரி ஊதினார், பவுல் த்ரோ. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வந்தபோது கெப்டன் போய்ப் பந்தை வாங்கிக்கொண்டான். அதன் பிறகு த்ரோ எறிய அவன் போகவில்லை. பந்து கோட்டைத் தாண்டும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நடந்தான். என் தோளோ ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சொன்னபடி கேட்டது.

நான் அவனை ஏசவில்லை. மற்ற மூன்று பேக்குகளையும் ஏசினேன். அவன் முன்னுக்குப் போய்த் திரும்பி வராமல் நின்றபோது மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்தால் ஒருவன் வந்தான். அவன் வருகிறதை நான் கண்டேன், இவன் காணவில்லை. கத்தியிருந்தால் கண்டிருப்பான். பந்து எனக்குப் பின்னால் வலைக்குள் போய் விழுந்தது.

லெப்ட் பேக் கோல் வாய்வரை நடந்து வந்தான். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. இவ்வளவு காலத்தில் அவன் என்னைக் கோபத்தோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏன் என்னய ஏசல்ல?"

நான் வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கத் திரும்பினேன்.

"அவன் வாறது ஒனக்குத் தெரிஞ்சிச்சி. நான் என்ன நோயாளியா ஒனக்கு? ஏசன் மச்சான். முந்தி ஏசின மாதிரி ஏசு."

சொல்லிவிட்டு ஓடிவிட்டான். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவன் வழக்கம்போல முன்னுக்குப் போனான், வழக்கம்போல நின்றுவிட்டான். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். காலை ஏசினேன், கண்ணை ஏசினேன், தரகரை ஏசினேன். பாதியில் குரல் உடைந்துபோனது. உடைந்த குரலிலேயே ஏசினேன். கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே வலது கையை முதுகுக்குக் கொண்டுபோய் எனக்குக் குத்துக் காட்டினான். மூன்று விரல்கள் மடங்கின. மற்ற இரண்டும் என்னைப் பார்த்து நேராக நின்றன.